பூநாரை முதல் போர்டிங் பாஸ் வரை: ராமநாதபுரம் கரையோரத்தில் பறவைக் காய்ச்சல் குறிப்புகள்

முதல் நாள்: தனுஷ்கோடி

கோதண்டராமர் கோயில் பிரிவைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல்நீர் தேங்கிக் கிடக்கிறது. தை, மாசியில் பூநாரைகள் நிற்பது அங்கேதான். கூடவே ஆலாக்கள், கடற்காகங்கள், உள்ளான்கள். தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் இந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சேற்றில் இறங்கி, எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு போவது இங்கே வழக்கமாகிவிட்டது. பறவைக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1-இன் மூதாதையை 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பண்ணை வாத்திடம் கண்டுபிடித்தார்கள். பண்ணையில் இருந்தவரை அது பண்ணை நோய். 2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தபோதுதான், காட்டுப் பறவைகளோடு அது நெடுந்தூரம் போகும் என்பது உறைத்தது. 2020 டிசம்பர் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் பாங் அணையில் செத்து ஒதுங்கியதும் பெரும்பாலும் அதே வரித்தலை வாத்துகள்தான். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே இறங்கும் வலசைப் பாதையின் கீழ்க்கோடியில் இருக்கிறது இந்தக் கரை.

அதற்காகத் தலைக்கு மேலே பறக்கிற பறவையைப் பார்த்து முகத்தை மூட வேண்டியதில்லை. மனிதர்களுக்கு வந்த தொற்றில் பெரும்பகுதி நோயுற்ற கோழி, வாத்தைக் கையாண்டதால் வந்தது. மிச்சத்தில் உயிர்க்கோழிச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் அதிகம். அமெரிக்காவில் கறவை மாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களும் உண்டு. தொலைநோக்கியோடு நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அபாயம் மிகக் குறைவு. அது கூடுவது குனிந்து இறகைப் பொறுக்கும்போதுதான். பிள்ளைகள் ரோஸ் நிற இறகைக் கண்டால் விடமாட்டார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நிற்கும் இடத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். கூட்டத்துக்கு வடகிழக்கே, காற்று முதுகில் படும்படி நின்றால் காய்ந்த எச்சத் தூசி நம் பக்கம் வராது.

செத்த பறவை கிடந்தால் தொடாதீர்கள், காலால் புரட்டவும் வேண்டாம். இரண்டு படம் எடுங்கள்: பறவையை அடையாளம் காட்டுகிற மாதிரி ஒன்று, பக்கத்துக் கம்பமோ மைல்கல்லோ தெரிகிற மாதிரி ஒன்று. போனில் லொக்கேஷன் ஆன் ஆகியிருக்கட்டும். எத்தனை செத்துக் கிடக்கின்றன, எத்தனை தள்ளாடுகின்றன என்று எண்ணிக்கொண்டு வனத்துறைக்கோ கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கோ சொல்லுங்கள். ஒன்று செத்தால் வலையில் சிக்கியிருக்கலாம், நாய் கடித்திருக்கலாம். ஒரே இடத்தில், ஒரே நாளில் பல செத்தால்தான் சந்தேகம். நல்லெண்ணத்தில் மணலைத் தோண்டிப் புதைக்கிற ஆட்கள் உண்டு. ராத்திரியே நாய் தோண்டி இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும்.

பார்வையை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. கழுத்து துவண்டு, இறகு தொங்கி, நிற்க முடியாமல் கிடந்தால் பாட்டுலிசம் என்ற நச்சாகவும் இருக்கலாம். 2019-இல் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கில் பறவைகள் செத்தது அதனால்தான். தலையைத் திருகிக்கொண்டு வட்டமடிப்பது, தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்துவது, இதெல்லாம் பறவைக் காய்ச்சல் பக்கம் கை காட்டும். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகம்.

கை பட்டுவிட்டதென்றால் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவினால் போதும். இது கொழுப்பு உறை உள்ள வைரஸ். சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். சேறோ எச்சமோ ஒட்டிய கையில் சானிடைசர் ஊற்றிப் பயனில்லை, அழுக்குக்கு அடியில் அது இறங்காது. காரில் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு துண்டு சோப்பும் கிடக்கட்டும். கழுவும்வரை கண்ணைக் கசக்கக் கூடாது. இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதனுக்கு நுரையீரலின் ஆழத்திலும் கண்ணிலும் இருக்கின்றன. ஆழத்துக்குப் போவது கஷ்டம், கண்ணுக்கு நம் விரலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இரண்டாம் நாள்: மண்டபம்

இன்றைக்குச் சொல்வதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்க முடியாது, இறங்கவும் வேண்டாம்.

கருவாடு காயும் களத்தில் காகமும் பருந்தும் வந்து உட்கார்வதைப் பார்த்துவிட்டு, கருவாடு வாங்கலாமா என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். உப்பும் வெயிலும் வைரஸைத் தளர்த்திவிடும். மிச்சத்தைக் கொதிக்கிற குழம்பு பார்த்துக்கொள்ளும். சமைக்குமுன் கழுவிய தண்ணீரைக் கோழிக்கு ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள். காகங்கள் கொத்தாகச் செத்து விழுந்தால் மட்டும் விஷயம் வேறு. 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள்தான் முதலில் விழுந்தன.

மூன்றாம் நாள்: சக்கரக்கோட்டை கண்மாய், ஆர்.எஸ்.மங்கலம்

கடலைவிடக் கண்மாயில்தான் அதிகக் கவனம் வேண்டும். பறவைக் காய்ச்சல் வைரஸ் குளிர்ந்த நன்னீரில் நெடுநாள் தாங்கும். உப்பும் சூடும் ஏற ஏற அதன் ஆயுள் குறையும். எச்சத்தில் 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிற அதே வைரஸ் 37 டிகிரியில் ஆறு நாள்தான் தாங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் ஊர் வெயிலுக்குத் திறந்த மணலில் சீக்கிரம் போய்விடும். கருவேல நிழலில் நனைந்து கிடக்கும் கரைச்சேறு அப்படியில்லை.

சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025 பிப்ரவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லேயே சேர்ந்துவிட்டன. பறவை பார்க்கிறவர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று கண்மாய் சுற்றுவார்கள். ஒரு கண்மாயின் சேற்றைச் செருப்பில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதுதான் இதில் உள்ள தப்பு. வீட்டில் கோழி வளர்ப்பவரானால் அடுத்த நிறுத்தம் அவர் வீட்டுக் கூண்டு.

செருப்பைச் சுத்தம் செய்ய ஒரு வரிசை உண்டு. முதலில் குச்சியால் சேற்றைச் சுரண்டுங்கள், பள்ளம் பள்ளமான அடிப்பாகம் என்றால் இன்னும் கவனமாக. அடுத்து சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும். அலசிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். சேறும் எச்சமும் இருக்கும்போதே குளோரினை ஊற்றினால் அது அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. பண்ணை வாசல்களில் வைத்திருக்கும் கால்நனைத் தொட்டிகள் பலவும் தோற்பது இங்கேதான்: காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் சேறாகியிருக்கும், எல்லாரும் அதில் காலை நனைத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போவார்கள்.

அளவு: புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 30 சதவீதம் இருக்கும். 10 லிட்டர் வாளிக்கு 150 முதல் 170 கிராம் போட்டால் அரை சதவீதக் கரைசல் கிடைக்கும். நேரே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை எடுங்கள். பிளாஸ்டிக் வாளி மட்டும். செருப்பு அதில் 10 நிமிடம் இருக்க வேண்டும். பிறகு அலசி வெயிலில் வையுங்கள். அன்றன்றைக்குக் கரைத்ததையே பயன்படுத்துங்கள். திறந்த பாக்கெட்டை மழைக்காலம் முழுக்க வைத்திருந்தால் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும், வாசனை போய்விட்டதா என்று பாருங்கள். கழிவறை ஆசிட்டோடு எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு பறவைக் காய்ச்சலைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் சம்பா அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துகளைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கில் இறக்கிவிட்டு, சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, இரவில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். காட்டு வாத்தும் நாட்டு வாத்தும் ஒரே தண்ணீரில் நிற்கிற இடம் இது. கோழிக்கு வந்தால் மறுநாளே தெரிந்துவிடும்; வாத்து பல நேரம் நோயைக் காட்டிக்கொள்ளாமலே எச்சத்தில் வைரஸை விட்டுக்கொண்டிருக்கும். கேரளத்தின் குட்டநாட்டில் 2014 முதல் திரும்பத் திரும்ப வெடித்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். கிடைக்காரரிடம் பேசுங்கள், படம் எடுங்கள், வாத்துக்குஞ்சைக் கையில் தூக்கிக் கொடுத்தால் வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

நான்காம் நாள்: ஏர்வாடி, வாலிநோக்கம்

வாலிநோக்கம் உப்பளத்தில் நின்று பார்க்க ஆயிரம் பறவை இருந்தாலும் மேலே சொன்ன உப்புக் கணக்குப்படி இங்கே தண்ணீரால் வரும் அபாயம் குறைவு. எனவே இன்றைக்குப் புழக்கடைக் கோழி.

"கோழி செத்துப்போச்சு, பறவைக் காய்ச்சலா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வெள்ளைக்கழிச்சல்தான். வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், கழுத்து முறுக்கிக்கொள்வது, கால் இழுத்துக்கொள்வது, ஒவ்வொன்றாகச் சாவது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது, கால்நடை மருந்தகத்தில் போடுகிறார்கள். பறவைக் காய்ச்சலில் சாவு வேகம் வேறு மாதிரி: நேற்று மேய்ந்த கூட்டம் இன்று காலை பாதி இல்லை. கொண்டையும் தாடியும் நீலம் பாரித்துவிடும், முகம் வீங்கும், காலில் செதிலுக்கடியில் ரத்தப் புள்ளிகள் தெரியும், முட்டை சட்டென்று நின்றுபோகும். இரண்டும் குழம்பக்கூடியவை, எனவே இரண்டுக்கும் 1962-ஐக் கூப்பிடுவதுதான் சரி.

சாகப்போகிற கோழியை "வீணாகப் போகுமே" என்று அறுத்துவிடும் பழக்கம் இருக்கிறதே, இந்தக் கட்டுரை முழுவதிலும் ஆபத்தானது அதுதான். தின்பதால் வருவதைவிட அறுக்கும்போதும் இறகு பறிக்கும்போதும் குடலை எடுக்கும்போதும் வருவது அதிகம். கொதிநீரில் முக்கிப் பறிக்கும்போது தெறிக்கும் துளி நேரே முகத்துக்கு வரும்.

நோய் உறுதியானால் மத்திய அரசின் செயல்திட்டப்படி மையத்திலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்துகளை அழிப்பார்கள். 10 கிலோமீட்டர்வரை கண்காணிப்பு. அழிப்பதற்கு இழப்பீடு உண்டு, தானாகச் செத்ததற்குக் கிடையாது. மறைத்து வைப்பவர் பணத்தையும் சேர்த்துத்தான் இழக்கிறார்.

ஐந்தாம் நாள்: கீழக்கரை

வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங் என்று தெருவுக்குத் தெரு ஆள் வெளிநாட்டில் இருக்கும் ஊர். எச்5என்1 மனிதனுக்கு முதன்முதலில் வந்ததே ஹாங்காங்கில்தான்: 1997-இல் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அங்கிருந்த கோழிகளையெல்லாம் அந்த ஆண்டு முடிவதற்குள் அழிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சில்லறைச் சந்தைகளில் உயிர்க்கோழியை இரவு தங்கவைக்கக் கூடாது என்ற விதி 2008-இல் வந்தது. காரணம் எளிது: ராத்திரி மிஞ்சும் கோழிதான் புதிதாக வரும் கோழிக்குத் தொற்றைக் கைமாற்றிவிடுகிறது.

2003-க்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரியவந்த எச்5என்1 மனிதத் தொற்றுகளில் ஏறத்தாழ பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் பலர் இந்தக் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கம்போடியாவில் 2023 முதல் மறுபடியும் ஆட்களுக்கு வருகிறது; பெரும்பாலும் வீட்டில் செத்த கோழியைத் தொட்டவர்கள், சமைத்தவர்கள். அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் கறவை மாடுகளில் பரவி, பால் கறப்பவர்களுக்குக் கண் சிவந்தது. பயணிக்கு வந்ததும் உண்டு: 2024 பிப்ரவரியில் கொல்கத்தா வந்துபோன ஆஸ்திரேலியக் குழந்தை ஊர் திரும்பியதும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது.

போகுமுன் செய்ய வேண்டியது ஒன்றுதான், சாதாரண ஃபுளு ஊசி. அது எச்5என்1-ஐத் தடுக்காது. ஆனாலும் ஏன் என்றால், ஒரே உடம்பில் மனித ஃபுளுவும் பறவை ஃபுளுவும் சேர்ந்தால் இரண்டும் மரபணுவை மாற்றிக்கொள்ள வழி கிடைக்கும். ஊசி போட்டால் அந்த வாய்ப்பு குறையும், திரும்பிவந்து சாதாரணக் காய்ச்சலில் விழுந்து எல்லாரையும் கலவரப்படுத்துவதும் குறையும். எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும், டிக்கெட் போட்ட கையோடு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். பயணிகளுக்கென்று கடையில் கிடைக்கும் பறவைக் காய்ச்சல் ஊசி கிடையாது.

போன இடத்தில் உயிர்க்கோழிச் சந்தையைச் சுற்றுலா இடமாக எண்ணி உள்ளே நுழையாதீர்கள். கூண்டு அடுக்கிய சந்து, மேல்கூண்டு எச்சம் கீழ்க்கூண்டுக் கோழி மேல், பக்கத்திலேயே இறகு பறிக்கும் இயந்திரம் சுற்றிக்கொண்டு துளியைக் காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். வேலை நிமித்தம் போயே ஆக வேண்டுமென்றால் என்95 மாஸ்க்கும் கண்ணாடியும். மாஸ்க்கைப் போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள்; ஓரத்தில் காற்றுக் கசிந்தால் கம்பியை மூக்கில் அழுத்துங்கள். தாடி இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் கசியும், அவர்கள் சந்தைக்கே போகாமலிருப்பது மேல். சேவற்கட்டு பார்க்கிற ஆசை நம் பக்கத்து ஆட்களுக்கு உண்டு. தாய்லாந்து, வியட்நாம் பக்கம் அடிபட்ட சேவலின் மூக்கையும் வாயையும் வாய்வைத்து உறிஞ்சிச் சளியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தொற்றுக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

சாப்பாட்டில் பயம் தேவையற்ற இடத்தில்தான் அதிகமாக இருக்கிறது. 70 டிகிரி உள்வரை ஏறினால் வைரஸ் செத்துவிடும். தம் போட்ட பிரியாணியிலும் கொதித்த சால்னாவிலும் அது பிழைக்க வழியே இல்லை. எலும்பை ஒட்டி ரோஸ் நிறம் இல்லாமல் இருக்கிறதா, குத்தினால் சாறு தெளிவாக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். ஆஃப்பாயிலும் கலக்கியும்தான் பிரச்சினை. நோய் பரவியிருக்கும் ஊரில் மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்த முட்டை மட்டும். ஷவர்மாவோடு வரும் மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததா என்று கேளுங்கள். சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்காக அதைத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது, காரணம் வேறானாலும் பலன் இதற்கும்தான். வியட்நாமில் பச்சை வாத்து ரத்தத்தில் செய்யும் ஒரு பண்டம் உண்டு, தட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். காய்ச்சாத பாலும் வேண்டாம். ஃபிரீசரில் வைத்தால் வைரஸ் சாகாது, இன்னும் பத்திரமாகத்தான் இருக்கும். எலுமிச்சையையும் மசாலாவையும் நம்பவும் முடியாது.

அறையில் சமைத்துச் சாப்பிடும் பையன்களுக்கு: பச்சைக் கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், சிங்க் முழுக்கத் தெறிக்கும். கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வெங்காயம்.

ஊருக்கு வரும்போதோ இங்கிருந்து போகும்போதோ கோழி, முட்டை சேர்ந்த எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பல நாடுகளில் கோழி ஊறுகாய் பாட்டில்கூட பறிமுதல் ஆகும். தொதல் கொண்டுபோங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆறாம் நாள்: பெரியபட்டினம்

கடைசிப் பதிவு திரும்பி வந்தவர்களுக்கு. தொற்று ஒட்டியிருந்தால் வழக்கமாக 2 முதல் 5 நாளில் காட்டும், அரிதாக 10 நாள்வரை போகும். சந்தையிலோ பண்ணையிலோ இருந்து வந்தவர், கடைசியாக அங்கே நின்ற நாளிலிருந்து 10 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலோ, இருமல், தொண்டை வலி, மூச்சு வாங்கல், கண் சிவப்பு எதுவானாலும், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கண் சிவந்தால் "ஏசி பஸ்ஸில் வந்த சூடு" என்று சொட்டு மருந்தோடு விட்டுவிடாதீர்கள்.

மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டில் தனி அறையில் இருந்துகொண்டு, 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ மருத்துவமனைக்கோ போனில் முதலில் சொல்லுங்கள். நேரே போய்ப் புறநோயாளி வரிசையில் உட்காராதீர்கள். பொதுவாக நடப்பது இது: "ரெண்டு நாளா காய்ச்சல் சார்" என்று மட்டும் சொல்வார், மருத்துவரும் டெங்கு, டைபாய்டு, கொரோனா என்று பார்ப்பார், மூன்று நாள் போய்விடும். வெளிநாடு போன கதை மூச்சு வாங்கிய பிறகுதான் வெளியே வரும். ஒசெல்டாமிவிர் என்ற ஃபுளு வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அதிகப் பலன். தாமதமானாலும் கொடுப்பார்கள், ஆனால் அதற்குள் நுரையீரலில் இறங்கியிருக்கும். எனவே வாயைத் திறந்ததும் இப்படி: "இந்த நாட்டில், இந்த ஊரில் இத்தனாம் தேதிவரை இருந்தேன். கோழிச் சந்தைக்குப் போனேன். இத்தனாம் தேதி காய்ச்சல் ஆரம்பித்தது." பேச முடியாத நிலை வரலாம், ஒரு தாளில் எழுதி வீட்டாரிடமும் கொடுத்து வையுங்கள்.

மாத்திரை பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 5 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், குழந்தைக்கு எடைப்படி. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிப் பெட்டியில் பதுக்காதீர்கள். அரைகுறையாக விழுங்கினால் சோதனையும் குழம்பும், வைரஸும் மாத்திரைக்குப் பழகிக்கொள்ளும். ஆன்டிபயாடிக்கால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

சோதனையில் ஒரு நுணுக்கம். விரைவுப் பரிசோதனை "இன்ஃபுளுயன்சா ஏ" என்றுதான் சொல்லும், பறவையுடையதா மனிதருடையதா என்று பிரிக்காது. நெகட்டிவ் வந்தாலும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்து, ஏ பாசிட்டிவ், ஆனால் வழக்கமான மனித ஃபுளு வகைகளான எச்1, எச்3 இரண்டும் இல்லை என்று வந்தால்தான் மணி அடிக்கும். அந்த மாதிரி புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போகும். கண் சிவந்திருந்தால் கண்ணிலும் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நிமோனியா ஆகிவிட்டவருக்குத் தொண்டையில் ஒன்றும் தெரியாமல் ஆழத்துச் சளியில் மட்டும் தெரிவதுண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு: இந்த வைரஸ் இன்றுவரை ஆளிடமிருந்து ஆளுக்குச் சங்கிலியாகப் பரவியதில்லை. பார்த்துக்கொள்பவர் ஒருவர் மட்டும், மாஸ்க்கோடு. தட்டு, துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தால் போதும். காய்ச்சல்காரர் பறவைச் சந்தையில் போட்டிருந்த செருப்பு இன்னும் வாசலில் கிடந்தால் அதற்கு மூன்றாம் நாள் பதிவில் சொன்ன வாளிதான், சுரண்டிக் கழுவிய பிறகு.